பழகாத ஊரின் கதையை மனம் எப்படிப் படிக்கிறது

நைஜீரியாவிலோ கொரியாவிலோ எழுதப்பட்ட நாவல்களைப் பற்றி ஆங்கில வாசகர்கள் இணையத்தில் இடும் குறிப்புகளில், கதைக்குள் நுழைய முடியவில்லை, பாத்திரங்கள் மனத்தில் ஒட்டவில்லை என்ற குறைகளைக் காணலாம். அவை நாவலின் குறைகள்தாமா என்று தீர்ப்பதற்கு முன், வாசிக்கும் மனத்தின் இயக்கத்தை அறிவது அவசியம்.

பிரிட்டிஷ் உளவியலாளர் பிரெடரிக் பார்ட்லெட், வட அமெரிக்கப் பழங்குடியினரின் ஆவிக்கதை ஒன்றை இங்கிலாந்து வாசகர்களிடம் கொடுத்து, பின்னர் அதை நினைவிலிருந்து எழுதச் செய்தார். 1932-இல் வெளியான அவரது நூலின்படி, கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாக மாறியது. ஆவிகள் மங்கி, சிலர் எழுதியதில் அறவே மறைந்தன. எவரும் வேண்டுமென்று மாற்றவில்லை. ஏற்கெனவே உள்ள அறிவுச் சட்டகத்தில் பொருந்துவதை மனம் ஏற்கிறது, பொருந்தாததைத் திருத்துகிறது அல்லது உதிர்த்துவிடுகிறது.

1979-இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஓர் இந்தியத் திருமணத்தையும் ஓர் அமெரிக்கத் திருமணத்தையும் விவரிக்கும் கடிதங்களை இரு நாட்டவரும் படித்தனர். ஒவ்வொரு தரப்பும் தன் பண்பாட்டுக் கடிதத்தையே விரைவாகப் படித்து, கூடுதலாக நினைவில் கொண்டது. அமெரிக்க மணமகள் பாட்டியின் திருமண உடையை அணிந்தது அங்கே பெருமைக்குரிய மரபு. இந்திய வாசகர் ஒருவரோ அவ்வுடை பழையது, காலங்கடந்தது என்று விளங்கிக்கொண்டார். ஆகவே இது மேற்கத்தியரிடம் மட்டும் உள்ள குறைபாடு அன்று.

தடையின்றிப் படிக்க முடிவதை மனம் விரும்புகிறது; தடுமாற நேர்ந்தால், அந்தச் சிரமத்தை எழுத்தாளரின் கணக்கில் எழுதிவிடுகிறது. சட்டகம் வேறு விதத்திலும் தொல்லை தருகிறது. தன் நாவலின் மாந்தர்கள் கார் ஓட்டும் படித்தவர்களாக இருந்ததால், அதில் உண்மையான ஆப்பிரிக்கா இல்லை என்று பேராசிரியர் ஒருவர் குறைகூறியதை நைஜீரிய எழுத்தாளர் சிமமாண்டா அடிச்சி 2009-ஆம் ஆண்டு உரையில் நினைவுகூர்ந்தார். அந்நியமாக இருந்தால் புரியவில்லை, நெருக்கமாக இருந்தால் அசலில்லை என்னும் இந்த இரட்டை அளவுகோல் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

2007-இல் தொடங்கி, 2013-இல் அமேசானின் வசமான குட்ரீட்ஸ் போன்ற நூல் மதிப்பீட்டு இணையதளங்கள் இத்தகைய தனிமனித உணர்வுகளை ஐந்து நட்சத்திர அளவில் திரட்டி, சராசரியாக்கிக் காட்டுகின்றன. தடுமாறியவரின் இரண்டு நட்சத்திரமும், அந்த மண்ணை அறிந்தவரின் ஐந்து நட்சத்திரமும் அந்தச் சராசரியில் கலந்துவிடுகின்றன. ஒரே வாசகர்கள் எந்தெந்த நூல்களைச் சேர்த்துப் படித்தார்கள் என்பதைக் கொண்டு பரிந்துரைக்கும் கணிமுறைகளிலும், வாசகர் குறைந்த நூலுக்கு இணைப்புகள் குறைவு. அதனால் அது புதியவர் கண்ணில் படுவதும் அரிதாகிறது. எழுத்தாளரின் நாட்டு வாசகர்கள் அளித்த மதிப்பீட்டைச் சராசரிக்கு அருகிலேயே தனியாகக் காட்டினால், எண்ணிக்கை சிறிதாயினும், நூலின் குறை எது, பழக்கமின்மை எது என்று பிரித்தறிய வாசகருக்கு ஒரு வழி கிடைக்கும்.