புல் மருந்து புல்லைத்தான் கொல்லும்

புல் கருகிப்போச்சென்று என்னைக் கூப்பிட்டதில், இந்த மாசியில் இது நான்காவது வீடு. பெருமாள்புரம். வாசலில் பதித்திருந்த கொரியன் புல் முழுக்க வைக்கோலாகிக் கிடக்கிறது. நடுவில் கோரை மட்டும் மறுபடி ஊசி ஊசியாகப் பச்சையாய் எழும்பி நிற்கிறது.

"களையை மட்டும்தான் கொல்லும்னு கடை அண்ணாச்சி சொன்னாரு சார்."

டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். கிளைபோசேட்.

ஐயா, பச்சையாக எது நின்றாலும் அது கொல்லும். கடையில் என்ன பேர் சொல்லி வாங்கினீர்கள்? புல் மருந்து. நீங்கள் காசு கொடுத்துப் பதித்தது என்ன? புல். உங்கள் புல் எது, களை எது என்று மருந்துக்கு எப்படித் தெரியும்? பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் தவிர வேறு யாரும் இதை அடிக்கக் கூடாதென்று மத்திய அரசு 2022 அக்டோபரிலேயே அறிவிக்கை போட்டது. யார் படித்தார்கள்?

சரி, டூ-ஃபோர்-டி (2,4-D) என்கிற இன்னொரு களைக்கொல்லி? அது அகல இலைக் களைக்கு. கோரையின் தலை கருகலாம், கிழங்கு அசையாது. காற்றில் பறந்தால் பக்கத்து வீட்டுத் தக்காளி சுருண்டுபோகும், அந்தச் சண்டை தனி.

மண்வெட்டியால் ஒரு கோரையைத் தோண்டிக் காட்டினேன். கறுப்பாக ஒரு கிழங்கு, அதிலிருந்து கம்பி போல ஒரு தண்டு, அதன் முனையில் இன்னொரு கிழங்கு. ஜெபமாலைதான். மேலே பிடித்து இழுத்தால் இலை கையோடு வரும், கிழங்கு மறுபடி துளிர்க்கும். வீட்டுக்காரம்மா வாங்கி முகர்ந்துவிட்டு, "குளியல் பொடிக்குப் போடுவோமே, இதுவா?" என்றார். இதேதான்!

புல் பதிக்க மண் எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டேன். வயக்காட்டு மண், இரண்டு லோடு. கோரை வந்த வழி அதுதான்.

கொஞ்ச இடம் என்றால் தோண்டிக் கிழங்கோடு எடுங்கள், பங்குனி வெயிலில் காயப் போடுங்கள். குப்பைக்குழியில் போடாதீர்கள். நிறைய இருந்தால் கோரைக்கு அடிக்கிற ஹாலோசல்ஃபூரான் மீத்தைல் என்ற களைக்கொல்லி இருக்கிறது, கரும்புக்காரர்களுக்குத் தெரியும். அதையும் முதலில் ஓர் ஓரத்தில் அடித்துப் பார்த்துவிட்டு மற்ற இடத்துக்குப் போங்கள். அம்மான் பச்சரிசி, கீழாநெல்லியெல்லாம் தண்ணீர் விட்ட மறுநாள் கையாலேயே வரும். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் பிடுங்குங்கள், கையுறை போட்டு. புல்லைத் தரையோடு மழிக்காதீர்கள், வெயில் உள்ளே விழுந்தால் கோரைக்குக் கொண்டாட்டம்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். அந்த வீட்டில் மீதி மருந்தில் பாதியை மாடிப்படிக்குக் கீழே ஒரு குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தார்கள். பக்கத்தில் பேரனின் மூன்று சக்கர சைக்கிள்.