கள்ளிச்செடிக்குத் தண்ணீர் ஊற்றும் முன்

"தினமும் தவறாமல் தண்ணீர் ஊற்றினேன், அப்படியும் போய்விட்டது." வாடிய கள்ளிச்செடியோடு என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். தொட்டியிலிருந்து உருவிப் பார்த்தால் வேர் கறுத்து, கொழகொழவென்று அழுகியிருக்கும். பாசத்தோடு ஊற்றிய தண்ணீர்தான் அதைக் கொன்றது என்று சொல்ல எனக்கு இன்றும் மனசு வராது.

பாலைவனச் செடிக்கும் தண்ணீர் வேண்டும். என்றைக்கோ கிடைப்பதை விடாமல் வைத்துக்கொள்வதுதான் அதன் பிழைப்பு. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுக்கும். அதே துளை வழியாக ஈரமும் போய்விடும். கள்ளி பகலில் துளைகளை மூடிவிடும். இரவின் குளிர்ச்சியில் திறந்து, எடுத்த வாயுவை மாலிக் அமிலமாகச் சேமித்துவைத்து, விடிந்த பிறகு வெயிலைக் கொண்டு உணவாக்கும். இலைகள் முள்ளாகிவிட்டதால் பச்சைத் தண்டுதான் சமையலறை.

வேரையும் பார்க்க வேண்டும். வட அமெரிக்காவின் சோனோரன் பாலைவனத்தில் வளரும் சகுவாரோ கள்ளியின் வேர்களில் பெரும்பகுதி மண்ணின் மேல்பரப்பை ஒட்டியே வெகுதூரம் பரவியிருக்கும். மழை பெய்ததும் மளமளவென்று உறிஞ்சும். விசிறி மடிப்புபோல் இருக்கும் தண்டு விரிந்து உப்பும். அப்புறம் மண் காய்ந்துவிடும், வேருக்குக் காற்று கிடைக்கும். எப்போதும் நனைந்த தொட்டியில் அந்தக் காற்று கிடைக்காது. வேர் மூச்சுமுட்டிச் சாகும், பூஞ்சை ஏறிவிடும்.

சில பாலைவன விதைகள் இன்னும் உஷார். முளைப்பைத் தடுக்கும் பொருள் அவற்றின் தோலிலேயே இருக்கும். அதைக் கழுவிவிடும் அளவுக்கு நல்ல மழை பெய்தால்தான் முளைக்கும், சிறு தூறலை நம்பாது.

சரி, எப்போது ஊற்றுவது? ஒரு மெல்லிய குச்சியைத் தொட்டியின் அடிவரை செருகி எடுங்கள். ஈரமண் ஒட்டியிருந்தால் ஊற்ற வேண்டாம். காய்ந்திருந்தால், அடித்துளை வழியே வடியும்வரை நிறைய ஊற்றலாம். துளையில்லாத தொட்டி கள்ளிக்கு ஆகவே ஆகாது.

செத்த செடிக்குப் பதில் வேறொன்று வாங்குவதானால், அது காட்டிலிருந்து பிடுங்கியதா, விதையிலிருந்தோ தண்டுத் துண்டிலிருந்தோ வளர்த்ததா என்று விற்பவரிடம் கேளுங்கள். சகுவாரோ முதல் 8 ஆண்டுகளில் 4 சென்டிமீட்டர்கூட வளராது. காட்டிலிருந்து பிடுங்கிய அழகான பெரிய கள்ளி ஒன்றின் இடத்தை இன்னொன்று நிரப்ப எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று கணக்குப் பாருங்கள். வேர்கள் வெட்டுப்பட்டு, உடம்பெல்லாம் பழைய வடுக்களோடு இருக்கும் செடியைக் கண்டால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும்.