சர்க்கரைக்கு ஏது அறக்கட்டளை?

அண்ணன் மகள் பி.ஏ. வரலாறு படிக்கிறாள், தமிழ்வழியில். போன வாரம் வந்தவள் ஒரு செராக்ஸ் கட்டை என் முன்னால் போட்டுவிட்டு, "சித்தப்பா, அமெரிக்க அதிபரா இருந்த இந்த தியோடர் ரூஸ்வெல்ட் நல்லவரா கெட்டவரா? மேல சீர்திருத்தவாதின்னு இருக்கு, நாலு வரி கழிச்சு அறக்கட்டளைகளை உடைச்சவர்னு இருக்கு. தர்ம ஸ்தாபனத்தை எதுக்கு உடைக்கணும்?" என்றாள்.

நியாயமான கேள்வி. வாங்கிப் பார்த்தேன். "சர்க்கரை அறக்கட்டளை", "எண்ணெய் அறக்கட்டளை", "அறக்கட்டளை எதிர்ப்புச் சட்டம் 1890" என்று பக்கம் முழுக்க அறம் பொங்கி வழிந்தது. இதை நான் எங்கெங்கோ பார்த்துச் சகித்து வந்திருக்கிறேன். வீட்டுக்குள்ளேயே வந்துவிட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

மூலச் சொல் டிரஸ்ட். ரூஸ்வெல்ட் உடைத்தது தர்ம ஸ்தாபனங்களை அல்ல, அந்தப் பெயரில் திரிந்த வியாபாரக் கூட்டுகளை. ஆங்கிலத்தில் அதன் வேர் பழைய நோர்ஸ் மொழி. உறுதி, நம்பி ஒப்படைத்தல் என்ற பொருள். இங்கிலாந்துச் சட்டத்தில் அது ஓர் ஏற்பாட்டின் பெயரானது. என் சொத்தை உன் பெயரில் எழுதி வைக்கிறேன், ஆனால் பலன் இன்னாருக்குப் போகவேண்டும், நீ பார்த்துக்கொள். அவ்வளவுதான். அந்த இன்னார் அநாதைக் குழந்தையாக இருக்கலாம், கோயிலாக இருக்கலாம், கொழுத்த பணக்காரராகவும் இருக்கலாம். அறம் என்பது அந்தச் சொல்லுக்குள் இல்லை. நம்மூரில் டிரஸ்ட் என்றால் அன்னதானமும் கல்விக்கூடமும் வருமான வரிச் சலுகையும்தான் கண்ணில் பட்டன, அதனால் அறக்கட்டளை என்றோம். கோயில்களில் கட்டளை என்ற சொல் ஏற்கெனவே இருந்தது. திருவாரூரில் ராஜன் கட்டளை, அபிஷேகக் கட்டளை, அன்னதானக் கட்டளை என்று இன்ன காரியத்துக்கு இன்ன நிலம் என ஒதுக்கியவை. அதிலிருந்து பிறந்த அறக்கட்டளை அழகான சொல், அதன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதைக் கொண்டுபோய் எங்கே ஒட்டுகிறார்கள் என்பதில்தான்.

அமெரிக்கக் கதை வேறு. பெட்ரோலிய முதலாளி ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் ஒஹையோ மாநிலக் கம்பெனி. ஒரு கம்பெனி வெளி மாநிலக் கம்பெனிகளின் பங்குகளை வைத்துக்கொள்ள அந்த மாநிலச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. வக்கீல் சாமுவேல் டாட் ஒரு வழி கண்டுபிடித்தார். 1882 ஜனவரியில் சுமார் 40 கம்பெனிகளின் பங்குதாரர்கள் தங்கள் பங்குகளை எல்லாம் ஒன்பது டிரஸ்டிகளிடம் ஒப்படைத்து, பதிலுக்கு டிரஸ்ட் சான்றிதழ் வாங்கிக்கொண்டார்கள். வெளியே பார்த்தால் நாற்பது கடை, உள்ளே ஒரே கல்லாப்பெட்டி. விலை, உற்பத்தி, ரயில்கூலிப் பேரம் எல்லாம் அந்த ஒன்பது பேர் கையில். இதைப் பார்த்துச் சர்க்கரைக்காரர்கள் 1887இல் ஹேவ்மேயர் தலைமையில் ஒன்று போட்டார்கள், சாராயத்துக்கு ஒன்று வந்தது, ஈயத்துக்கு ஒன்று வந்தது.

1889இல் பக் என்ற பத்திரிகையில் ஜோசப் கெப்ளர் போட்ட கார்ட்டூன் ஒன்று உண்டு. அமெரிக்க செனட் சபை. உறுப்பினர்கள் சின்னச் சின்ன ஆட்களாக மேசையில் உட்கார்ந்திருக்க, பின்வரிசையில் பணமூட்டை வயிறும் உயரத் தொப்பியுமாக ராட்சதர்கள் நிற்கிறார்கள். ஒவ்வொரு வயிற்றிலும் பெயர்: எண்ணெய் டிரஸ்ட், சர்க்கரை டிரஸ்ட், செம்பு டிரஸ்ட், ஆணி டிரஸ்ட், காகிதப்பைக்குக்கூட ஒரு டிரஸ்ட். மக்கள் வரும் வாசல் தாழிட்டுக் கிடக்கிறது. இப்போது அந்த வயிறுகளில் எல்லாம் "அறக்கட்டளை" என்று எழுதிப் பாருங்கள். ஆணி அறக்கட்டளை! சாமி கும்பிடத் தோன்றும்.

அடுத்த வருடம், 1890 ஜூலை 2, ஷெர்மன் சட்டம் வந்தது. செராக்ஸ் சொன்ன "அறக்கட்டளை எதிர்ப்புச் சட்டம்" இதுதான். டிரஸ்ட் வடிவிலோ வேறு வடிவிலோ வணிகத்தைக் கட்டுப்படுத்தும் எந்தக் கூட்டும் சட்டவிரோதம் என்று அதன் முதல் பிரிவு சொல்கிறது. கவனியுங்கள், சட்டம் எழுதியவர்களுக்கே டிரஸ்ட் என்பது ஒரு வடிவம் மட்டும்தான், கூட்டு என்பதுதான் சரக்கு. 1892இல் ஒஹையோ உச்ச நீதிமன்றம் ஸ்டாண்டர்டு ஆயிலின் டிரஸ்ட் ஒப்பந்தம் செல்லாது என்றது. அந்த வடிவம் செத்தே போயிற்று. ஒரு கம்பெனி மற்றக் கம்பெனிகளின் பங்கை வைத்துக்கொள்ள இடம் கொடுத்த நியூஜெர்சி சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் தாய்க் கம்பெனியாக மாறினார்கள். ஆனாலும் ஜனங்கள் வாயில் டிரஸ்ட் என்ற பெயர் நின்றுவிட்டது. 1901இல் உருவான யு.எஸ். ஸ்டீல் சட்டப்படி சாதாரணக் கம்பெனி, அதையும் எஃகு டிரஸ்ட் என்றுதான் திட்டினார்கள்.

இதை இவ்வளவு நேரம் சொல்வதற்குக் காரணம் என் நண்பர் ஒருவர். தனித்தமிழ்ப் பற்றாளர், நல்ல மனிதர். அறக்கட்டளை தப்பு என்று நான் சொன்னதும் ஒத்துக்கொண்டார். கையோடு "பொறுப்பாட்சிக் குழுமம்" என்று ஒன்றை எடுத்து வைத்தார். டிரஸ்டிக்குப் பொறுப்பாளர், டிரஸ்டுக்குப் பொறுப்பாட்சி, ஆக எல்லாம் பொருந்துகிறதாம். பொருந்துகிறது, செத்த வடிவத்துக்கு. 1892க்குப் பிறகு எந்த டிரஸ்டில் பொறுப்பாளர் உட்கார்ந்திருந்தார்? அப்புறம், பொறுப்பு என்பது தமிழில் நல்ல சொல். பொறுப்பான பிள்ளை என்கிறோம். ஊரை அடித்து உலையில் போட்டவனுக்குப் பொறுப்பாட்சி என்று பெயர் வைத்தால் வாசிக்கிறவன் எந்தப் பக்கம் நிற்பான்? சொல் தூய்மையாக இருந்தால் மட்டும் போதுமா, பொருள் தலைகீழாகப் போனால் பரவாயில்லையா? இதைக் கேட்டதற்கு அவர் மூன்று நாள் பேசவில்லை.

இன்னொரு கூட்டம் பத்திரிகைக்காரர்கள். இவர்கள் டிரஸ்டை நம்பிக்கை ஆக்கிவிட்டார்கள். 2024 ஆகஸ்டில் கூகுள் ஷெர்மன் சட்டத்தை மீறியது என்று அமெரிக்க நீதிபதி தீர்ப்புச் சொன்னபோது, ஆன்டிடிரஸ்ட் வழக்கு என்பது "நம்பிக்கை எதிர்ப்பு வழக்கு" என்று ஒரு இடத்தில், "நம்பிக்கையற்ற வழக்கு" என்று இன்னொரு இடத்தில். பிந்தையது ஏதோ தோற்கப்போகிற வழக்கு மாதிரி இருக்கிறது. மெஷினில் போட்டு எடுத்து அப்படியே ஒட்டுகிறார்கள், அவ்வளவுதான். நம்பிக்கை என்ற சொல் டிரஸ்டுக்கு எங்கும் ஆகாது என்று சொல்லவரவில்லை. இலங்கையில் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் என்கிறார்கள், அங்கே ஒப்படைப்புப் பொருள் உண்மையாகவே இருக்கிறது, காதுக்கும் இடறவில்லை. கூகுள் வழக்கில் யாரும் யாரிடமும் எதையும் ஒப்படைக்கவில்லை.

சரி, அறக்கட்டளைக்கே திரும்புகிறேன், ஏனென்றால் அது கேலியோடு முடிகிற தப்பு இல்லை. ராக்ஃபெல்லர் என்ற ஒரே ஆளிடம் இரண்டும் இருந்தன. 1882இல் போட்டது எண்ணெய் டிரஸ்ட். 1913இல் நியூயார்க்கில் பதிவுசெய்தது ராக்ஃபெல்லர் அறக்கட்டளை, இது நிஜமான தர்மம். 1916இல் இலங்கைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்களுக்குக் கொக்கிப்புழு மருந்து கொடுத்ததுகூட அதன் பணம்தான். இந்த இரண்டுக்கும் நடுவில், 1911 மே மாதம், அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஸ்டாண்டர்டு ஆயிலை 34 கம்பெனிகளாக உடைத்தது. தர்ம நிதிக்கு முதலில் வாஷிங்டனில்தான் அனுமதி கேட்டார்கள். எண்ணெய்ப் பணம் தர்ம வேஷம் போட்டு வருகிறதோ என்று அங்கே பலர் சந்தேகப்பட்டதால் நடக்கவில்லை. இந்தச் சந்தேகம்தான் அந்தக் காலத்தின் உயிர். இரண்டையும் அறக்கட்டளை என்று எழுதிவிட்டால் என்ன ஆகிறது? அறக்கட்டளையை உடைத்தார்கள், உடனே அறக்கட்டளை தொடங்கினார், அறக்கட்டளைக்கு எதிர்ப்பு வந்தது. வாசகன் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கடல் தாண்டினால் இன்னும் மோசம். 1898இல் ஸ்பெயினோடு போர் முடிந்து பிலிப்பைன்ஸ் அமெரிக்காவின் கைக்கு வந்தது. அங்கே ஸ்பானியத் துறவிகளின் மடங்களுக்குச் சொந்தமாக ஏராளமான நிலம். நம்ம பக்கத்து மடத்து நிலம் மாதிரிதான், குத்தகைச் சண்டை உட்பட. கவர்னராக இருந்த தாஃப்ட் ரோம் வரைக்கும் போய்ப் பேசி, கடைசியில் 1903இல் சுமார் 72 லட்சம் டாலருக்கு அவற்றை அரசு வாங்கியது. உழுகிறவர்களுக்கே விற்கலாம் என்பது எண்ணம். அங்கே ஒரு கம்பெனி 1,024 ஹெக்டேருக்கு மேல் அரசு நிலம் வாங்கக்கூடாது என்று 1902இலேயே சட்டம் இருந்தது. ஆனால் மடத்து நிலத்துக்கு அந்த உச்சவரம்பு பொருந்தாது என்று 1909இல் அமெரிக்க அட்டர்னி ஜெனரல் விக்கர்ஷாம் கருத்துச் சொல்ல, மிண்டோரோ தீவின் சான் ஹோசே பண்ணை, 55,000 ஏக்கருக்கு மேல், சர்க்கரை டிரஸ்டோடு தொடர்புடைய ஆட்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அமெரிக்கக் காங்கிரஸ் சபையில் பெரிய ரகளை, விசாரணை. வேடிக்கை, ராக்ஃபெல்லரின் தர்ம நிதிக்கு வாஷிங்டன் அனுமதி கூடாது என்றவர்களில் ஒருவர் இதே விக்கர்ஷாம்.

இந்தச் செய்தியை அந்த செராக்ஸ் தமிழில் எழுதினால் எப்படி இருக்கும்? "மடத்து நிலங்கள் சர்க்கரை அறக்கட்டளைக்கு விற்கப்பட்டன." தர்மச் சொத்து ஒரு தர்மத்திடமிருந்து இன்னொரு தர்மத்துக்குப் போயிற்று, இதில் என்ன ரகளை என்றுதானே பிள்ளைகள் நினைக்கும்? ஒரு காலனிக் கொள்ளை, வாசிக்கிறவன் கண் முன்னாலேயே புண்ணிய காரியமாக மாறிவிடுகிறது.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. 1913இல் அதிபர் வில்சன் பிலிப்பைன்ஸ் மக்களுக்குச் செய்தி அனுப்பினார்: அமெரிக்காவின் ஆதாயத்துக்காக அல்ல, உங்கள் நன்மைக்காகச் செயல்படும் டிரஸ்டிகளாகவே எங்களைக் கருதுகிறோம் என்று. இங்கே கட்டாயம் தர்மகர்த்தா, அறங்காவலர் என்றுதான் போடவேண்டும். ஏனென்றால் வில்சன் அந்தப் புனிதத் தொனியைத்தான் வேண்டுமென்றே பூசுகிறார். ஆகவே ஒரே காலத்தில், ஒரே நாட்டில், அந்தச் சொல் ஒரு வாயில் வசவு, இன்னொரு வாயில் திருநீறு. இதைப் பிரித்துக் காட்டாத மொழிபெயர்ப்பு எதற்கு?

அப்படியானால் தமிழில் என்ன சொல்வது? ஏகபோகம் என்று மட்டும் போட்டால் கொஞ்சம் இடிக்கும். ஏகபோகம் தனியொருவனுக்கும் வரலாம், டிரஸ்ட் என்பது போட்டியாளர்கள் சேர்ந்துகொள்வது. ஷெர்மன் சட்டமே இரண்டையும் இரண்டு பிரிவாக வைத்திருக்கிறது. முதலாளிக் கூட்டு என்றாலும் முழுசாக வராது, 1908இல் டான்பரி தொப்பித் தொழிலாளர் சங்கத்தின் மேலேயே அந்தச் சட்டத்தைப் பாய்ச்சினார்கள். ஏல மையத்துக்குப் போய்ப் பாருங்கள், தேங்காயோ மஞ்சளோ, வியாபாரிகள் பேசிவைத்துக்கொண்டு விலையை அடித்தால் விவசாயி என்ன சொல்கிறார்? "சிண்டிகேட் போட்டுட்டானுங்க." வடமொழியா ஆங்கிலமா என்று அவர் பார்ப்பதில்லை, பொருள் சுருக்கென்று தைக்கிறது. அந்தத் தைப்பு நம் சொல்லில் வேண்டும். என் கட்சி இது: முதல் தடவை டிரஸ்ட் என்றே எழுதி ஒரு வரி விளக்குங்கள், அதன்பின் ஏகபோகக் கூட்டு. சட்டத்துக்கு ஏகபோகக் கூட்டுத் தடுப்புச் சட்டம். நீளம்தான், ஆனால் யாரும் கோயில் உண்டியலை நினைத்துக்கொள்ள மாட்டார்கள்.

செராக்ஸில் வேறு முத்துக்களும் இருந்தன. ஸ்டாண்டர்டு ஆயிலின் தில்லுமுல்லுகளை 1902 முதல் தொடராக எழுதிய ஐடா டார்பெல் போன்ற பத்திரிகையாளர்களை "சேற்றை வாரி இறைப்பவர்கள்" என்று போட்டிருந்தது. தமிழில் சேற்றை வாரி இறைப்பது அவதூறு பேசுவது. ஆங்கிலத்தில் மக்ரேக்கர். ரூஸ்வெல்ட் 1906இல் சொன்னது தலை நிமிராமல் குப்பையைக் கிளறிக்கொண்டே இருக்கிற ஆளை. கிளறுவது வேறு, இறைப்பது வேறு. கையில் இருப்பது குப்பைவாரியா மண்வெட்டியா என்றுகூடப் பார்க்காமல் எப்படித்தான் மொழிபெயர்க்கிறார்களோ.

இதையெல்லாம் அவளுக்கு ஒரு மணி நேரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "புரியுது சித்தப்பா, ஆனா பரீட்சையில அறக்கட்டளைன்னுதான் எழுதுவேன். எங்க சார் நோட்ஸ்ல அதான் இருக்கு, அவர்தான் திருத்துவார்" என்று கட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.