பிளக்: செருகியா, அடைப்பா?

"பிளக் மாத்தியாச்சோ?" என்று திருகோணமலை உவர்மலையில் யாரிடம் கேட்டாலும் விளங்கும். சுவரில் மாட்டுவதும் பிளக், கார் எஞ்சினில் பெற்றோலைப் பற்றவைப்பதும் பிளக். எதைச் சொல்கிறார்கள் என்பது பேச்சிலேயே தெரிந்துவிடும். எழுத உட்காரும்போதுதான் தமிழ்ச் சொல்லைத் தேடுகிறோம். காரில் இருப்பதற்குத் 'தீப்பொறிச் செருகி' என்று எழுதுவது வழக்கம். நல்ல சொல். ஆனால் வீட்டு முற்றத்தில் வைத்து எங்கள் காரின் நான்கு பிளக்குகளையும் முதன்முறை நானே மாற்றியபோது, அந்தப் பெயரில் பாதி வேலை விடுபட்டிருப்பது தெரிந்தது.

பிளக் நமக்கு ஆங்கிலம் வழியாக வந்தது. ஆங்கிலம் அதை ஒல்லாந்து மொழியிடமிருந்து எடுத்தது. அங்கே அதன் பொருள் தக்கை, அதாவது பீப்பாயின் துவாரத்தை அடைக்கும் கட்டை. 1639 இல் போர்த்துக்கேயரிடமிருந்து திருகோணமலைக் கோட்டையைப் பிடித்த அதே ஒல்லாந்தர்தான். கந்தோர், லாச்சி, போஞ்சி எல்லாம் அவர்கள் விட்டுப்போன சொற்கள். கராஜில் 'பாஸ்' என்று கூப்பிடுகிறோமே, அதன் வேரும் அங்கேதான். பிளக் மட்டும் சுற்றுவழியாக, ஆங்கிலேயர் கையால் வந்து சேர்ந்திருக்கிறது.

ஆக, மூலப்பொருள் அடைப்பு. சுவரில் செருகும் பிளக் அந்தப் பொருள் பின்னாளில் விரிந்ததால் வந்தது. நாம் அந்தப் பிந்திய பொருளைப் பிடித்துச் 'செருகி' என்று மொழிபெயர்த்தோம். சுவர் பிளக்குக்கு அது அச்சொட்டாகப் பொருந்தும். கொண்டையில் பூவைச் செருகுகிறோம், இடுப்பில் சேலைத் தலைப்பைச் செருகுகிறோம். தள்ளினால் உள்ளே போவதும் இழுத்தால் வெளியே வருவதும்தான் செருகல். கார் பிளக் அப்படி இல்லை. அதற்கு மரை உண்டு, திருகித்தான் இறக்க வேண்டும்.

முன்பாதியான 'பொறி'யிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நெருப்புத் துளியும் பொறி, இயந்திரமும் பொறி, எலி பிடிப்பதும் பொறி, கண்ணும் காதும் சேர்ந்த ஐந்தும் பொறி. பொறியியலாளர் என்னும்போது நாம் நினைப்பது இயந்திரத்தை. அதனால் 'பொறிச் செருகி' என்று சுருக்கினால் இயந்திரத்தில் செருகுவது என்றும் படிக்கலாம். 'தீ' என்ற ஓரெழுத்து அந்த மயக்கத்தைத் தீர்த்துவிடுகிறது. அதை விட்டுவிடக் கூடாது. டீசல் வாகனத்தின் 'ஹீட்டர் பிளக்' பொறி எதுவும் தருவதில்லை, சூடாக்க மட்டுமே செய்கிறது. அதையும் தீப்பொறிச் செருகி என்று எழுதுவது பிழை.

1860 இல் பிரான்சில் லெனுவார் தன் எரிவாயு எஞ்சினில் மின்பொறியைப் பயன்படுத்தினார். 1902 இல் ஜெர்மனியின் பொஷ் நிறுவனத்தில் ஹொனோல்ட் உருவாக்கிய உயர் மின்னழுத்தப் பொறி அமைப்புதான் இதைக் கார்களுக்குப் பரவலாகக் கொண்டுவந்தது. பற்றரியின் 12 வோல்ற்றைக் கொயில் என்ற கம்பிச்சுருள் பல்லாயிரம் வோல்ற்றாக உயர்த்துகிறது. பிளக் நுனியில் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் இடைவெளி. அதைத் தாண்டிப் பாயும் பொறியில் பெற்றோலும் காற்றும் பற்றிக்கொள்கின்றன. மேலே தெரியும் வெள்ளைப் பீங்கான், மின்சாரம் பக்கவாட்டில் ஒழுகாமல் காக்கிறது.

பற்றிய வாயு எப்படி வெடித்துத் தள்ளும் என்று நினைத்துப் பாருங்கள். அது பிளக் துவாரத்தால் வெளியேறாமல் தடுப்பதும் இதே பிளக்தான். ஒல்லாந்தரின் தக்கை இங்கே தன் பழைய வேலையைச் செய்கிறது. வீட்டில் மாற்றுகிறவருக்கு இந்தப் பாதிதான் முக்கியம். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே கழற்ற வேண்டும். புதியதைப் பூட்டும்போது முதலில் கையால் மட்டும் திருக வேண்டும். மரை பிசகினால் கைக்குத் தெரியும், ஸ்பானருக்குத் தெரியாது. வளையம் உள்ள புதிய பிளக் கையால் திருகி அமர்ந்தபின், ஸ்பானரால் அரைச் சுற்று முதல் முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவு வரை போதும். கூம்பு அடி உள்ளதற்குப் பதினாறில் ஒரு பங்கு சுற்று. கார்க் கையேட்டில் அளவு வேறாக இருந்தால் அதன்படியே செய்ய வேண்டும். தளர்ந்தால் வாயு கசியும், பிளக் அளவுக்கு மீறிச் சூடாகும். மிஞ்சி இறுக்கினால், எஞ்சினின் மேற்பகுதியான அலுமினிய ஹெட்டின் மரை தேய்ந்துபோகும்.

அப்படியானால் 'பொறியடைப்பான்' என்று மாற்றலாமா? எனக்கும் முதலில் அது பிடித்திருந்தது. ஆனால் பொறியை அடைத்து நிறுத்துவது என்று நேர் எதிராகப் பொருள் கொள்ள இடமிருக்கிறது. வேண்டாம், தீப்பொறிச் செருகியே நிற்கட்டும்.

வினையைத்தான் மாற்ற வேண்டும். எங்கள் ஊரில் யாரும் பிளக்கைச் 'செருகுவதில்லை'. "கழட்டிப் பூட்டு" என்பார்கள். மாட்டை வண்டியில் பூட்டுவதும், வில்லில் நாணைப் பூட்டுவதும், கதவைப் பூட்டுவதும் அதே சொல். இணைத்தலும் இறுக்கலும் அடைத்தலும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. செய்முறை எழுதுகிறவர்கள் 'தீப்பொறிச் செருகியைச் செருகவும்' என்று எழுதாமல், 'பூட்டவும்' என்று எழுத வேண்டும்.