வழக்கு எண்ணின் வாலில் ‘சிஓஏ’ வந்தால் பதற வேண்டாம்

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் குடும்ப வழக்குகள் நடத்தும் வக்கீல் நான். அப்பீல் போட்டுவிட்டுக் காத்திருக்கும் நம்மவர்கள் பதறிப்போய் போன் செய்வதுண்டு: “சுப்ரீம் கோர்ட்டுக்குத்தானே போனோம் சார்? வேறு கோர்ட்டுக்கு மாற்றியதாக ஆர்டர் வந்திருக்கே, தள்ளுபடியா?” ஆர்டரைப் பார்த்தால் அதே பழைய எண்தான் இருக்கும், வாலில் ‘சிஓஏ’ என்று மூன்று எழுத்து கூடியிருக்கும்.

தள்ளுபடி இல்லை. வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு (கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ், அதன் சுருக்கம்தான் ‘சிஓஏ’) போயிருக்கிறது, அவ்வளவுதான்.

2014 வரை அப்படியொரு கோர்ட்டே இங்கே கிடையாது. மரண தண்டனையானாலும் சரி, ஓட்டுநர் உரிமம் பறிபோனாலும் சரி, அப்பீல் நேரே மாநில உச்ச நீதிமன்றத்துக்குத்தான். 7 நீதிபதிகள், ஆண்டுக்கு 2,000-க்கும் மேல் வழக்குகள். குழந்தை யாரிடம் வளர்வது என்ற வழக்கும் அதே வரிசையில்தான் நிற்கும்.

நடுவில் ஒரு கோர்ட் வைக்க மாநில அரசியலமைப்பையே திருத்த வேண்டியிருந்தது. சட்டமன்றம் அடுத்தடுத்து இரண்டு முறை நிறைவேற்றி, அப்புறம் மக்களும் சம்மதிக்க வேண்டும். 1972, 1980, 1992, 2010 என நான்கு முறை மக்கள் வேண்டாம் என்றார்கள். செலவு கூடும், ஏற இன்னொரு படி வரும் என்ற பயம் நியாயமானதுதான். 2014 நவம்பரில் சுமார் 54 சதவீதம் பேர் சரி என்றார்கள். 2015 ஜனவரியில் 3 நீதிபதிகளோடு கோர்ட் தொடங்கியது.

படி கூடாதபடிதான் அமைத்திருக்கிறார்கள் என்பது என் கருத்து. எல்லா அப்பீலும் இன்றும் உச்ச நீதிமன்றத்துக்கே போகிறது. எதை வைத்துக்கொள்வது, எதை அனுப்புவது என்று விதிப்படி அதுவே பிரிக்கிறது. மரண தண்டனை, தேர்தல் வழக்குகள் அங்கேயே தங்கும். விவாகரத்து, ஜீவனாம்ச வழக்குகள் பெரும்பாலும் புதிய கோர்ட்டுக்கு வரும்.

ஊரில் மாவட்ட கோர்ட், ஹைகோர்ட், சுப்ரீம் கோர்ட் என்று ஏறிப் பழகியவர்கள் “இங்கே தோற்றால் மேலே பார்த்துக்கலாம்” என்கிறார்கள். தயவுசெய்து அப்படி இருந்துவிடாதீர்கள். மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பை மறுபடி பார்ப்பது உச்ச நீதிமன்றத்தின் விருப்பம். அது உங்கள் உரிமை அல்ல. பெரும்பாலோருக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

இன்னொன்று, கெடு. தீர்ப்பு பதிவானதற்கான எழுத்து அறிவிப்பு உங்களுக்கு முறைப்படி அனுப்பப்பட்டதிலிருந்து 30 நாளுக்குள், விசாரணை நடந்த கோர்ட்டிலேயே அப்பீல் அறிவிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். கையோடு விசாரணையின் டிரான்ஸ்கிரிப்டுக்கும் (அங்கே பேசியதன் எழுத்துப் பதிவு) எழுதிக் கொடுத்துவிடுங்கள். அதில் ஏதாவது பகுதி இல்லையென்றால், அது கீழ்க்கோர்ட் முடிவுக்கு ஆதரவாகவே இருந்தது என்று எடுத்துக்கொள்வார்கள்.