வேலை போனாலும் காப்பீடு உடனே போய்விடாது: கோப்ராவின் தேதிக் கணக்கு

லே-ஆஃப் மெயில் வந்த வாரத்தில், அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மவர்களின் மனம் முழுக்க விசாவில்தான் இருக்கும். ஹெச்-1பியில் இருப்பவருக்கு அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் புது வேலை, புது மனு, இல்லாவிட்டால் ஊருக்கு டிக்கெட். அந்த நெருக்கடியில் மருத்துவக் காப்பீட்டைப் பற்றி யோசிக்க யாருக்கும் தெம்பு இருப்பதில்லை. ‘வேலையே போச்சு, இன்சூரன்ஸும் அதோடு போச்சு’ என்று விட்டுவிடுகிறார்கள்.

பணியாளர் நலத் திட்டங்களை நிர்வகிப்பதுதான் என் வேலை. காப்பீடு இல்லாமல் மாட்டிக்கொண்டு என்னிடம் பேசுகிறவர்களில் பெரும்பாலானோருக்கு, கோப்ரா என்ற சட்டப்படி பழைய காப்பீட்டைத் தொடரும் உரிமை இருந்தது. அதைப் பயன்படுத்த வேண்டிய தேதி மட்டும் தாண்டிப் போயிருந்தது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

கோப்ரா என்பது 1985-ஆம் ஆண்டின் பட்ஜெட் சட்டத்தின் சுருக்கப் பெயர். 1986 ஏப்ரலில் ரீகன் கையெழுத்திட்டார். 20 பேருக்கு மேல், அல்லது சரியாக 20 பேர், வேலை பார்க்கும் நிறுவனம் குழுக் காப்பீடு கொடுத்து வந்தால், வேலையை விட்டு வெளியே வருகிறவர் அதே காப்பீட்டை 18 மாதம் வரை தன் செலவில் தொடரலாம். அதே டாக்டர், அதே நெட்வொர்க். லே-ஆஃப் ஆனவர்களுக்கு மட்டும்தான் இது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நீங்களாகவே ராஜினாமா செய்தாலும் உண்டு. வேலை நேரம் குறைக்கப்பட்டு அதனால் காப்பீடு போனாலும் உண்டு. மிக மோசமான நடத்தைக்காக நீக்கப்பட்டவருக்கு மட்டும் கிடையாது. விசா நிலைக்கும் இந்த உரிமைக்கும் சம்பந்தமே இல்லை.

தொகையைப் பார்த்ததும் எல்லோரும் அதிர்ந்துபோகிறார்கள். சம்பளத்தில் மாதம் 400 டாலர் பிடித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் தன் பங்காக 1,400 போட்டிருக்கும். அது நம் கண்ணில் படுவதில்லை. மொத்தம் 1,800. கோப்ராவில் அந்த முழுத் தொகையும், நிர்வாகச் செலவாக 2 சதவீதமும் சேர்த்து 1,836 வரை கேட்கலாம். காப்பீட்டின் விலை கூடவில்லை, இதுவரை வேறொருவர் கட்டியதை இப்போது நாம் கட்டுகிறோம். பெரிய நிறுவனம் என்றால், வருடச் சம்பளமும் வரியும் காட்டும் உங்கள் டபிள்யூ-2 படிவத்தில் 12-ஆம் கட்டத்தில் டிடி என்ற குறியீட்டோடு ஒரு தொகை இருக்கும். இரு பங்கும் சேர்ந்த வருடச் செலவு அது. பன்னிரண்டால் வகுத்தால், கோப்ரா நோட்டீஸ் வருவதற்கு முன்பே தோராயமான தொகை தெரிந்துவிடும். மருத்துவச் செலவுக்காக வரியில்லாமல் சேமிக்கும் ஹெச்எஸ்ஏ கணக்கில் பணம் இருந்தால் அதிலிருந்தே கோப்ரா பிரீமியம் கட்டலாம். இது பலருக்குத் தெரியாது.

இனி தேதிகள். நிதானமாகப் படியுங்கள். நிறுவனம் திட்ட நிர்வாகிக்குத் தெரிவிக்க 30 நாள், நிர்வாகி உங்களுக்கு நோட்டீஸ் அனுப்ப 14 நாள். ஆக, நோட்டீஸ் வரவே ஒன்றரை மாதம் ஆகலாம். அந்த நோட்டீஸ் தேதி, காப்பீடு முடிந்த தேதி, இவற்றில் எது பிந்தியதோ அதிலிருந்து 60 நாளுக்குள் ‘கோப்ரா வேண்டும்’ என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்த நாளிலிருந்து முதல் பணம் கட்ட 45 நாள். உதாரணத்துக்கு, மார்ச் 31-ஆம் தேதி காப்பீடு முடிந்து, ஏப்ரல் 20-ஆம் தேதியிட்ட நோட்டீஸ் வந்தால், ஜூன் 19 வரை முடிவு செய்யலாம். ஜூன் 19 அன்று எழுதிக் கொடுத்தால் ஆகஸ்ட் 3 வரை முதல் பணத்துக்கு நேரம் இருக்கிறது. காப்பீடு ஏப்ரல் 1-ஆம் தேதிக்கே பின்னோக்கிப் போய்த் தொடங்கிவிடும். நடுவில் விழுந்த பில்களும் அதில் அடங்கும். ஆனால் ஏப்ரலிலிருந்து எல்லா மாதத்துக்கும் பிரீமியம் கட்டியாக வேண்டும், நடுவில் ஒரு மாதத்தை விட்டுவிட்டுச் சேர முடியாது.

இதை வைத்துப் பலர் காத்திருக்கிறார்கள். அடுத்த வேலை ஆறு வாரத்தில் கிடைத்துவிடும் போலிருந்தால் பணம் கட்டாமல் பொறுத்திருப்பது, நடுவில் விபத்தோ அறுவை சிகிச்சையோ வந்தால் மட்டும் எழுதிக் கொடுப்பது. சட்டம் அனுமதிக்கும் வழிதான், ஆரோக்கியமாக இருக்கும் குடும்பத்துக்கு நானே சொல்வதும் உண்டு. ஊருக்குத் திரும்ப முடிவு செய்தவர்களுக்கும் இது பொருந்தும். விமானம் ஏறும் வரையிலான வாரங்களுக்கு இந்த அவகாசமே ஒரு பாதுகாப்பு. இதில் இரண்டு ஆபத்துகள் உண்டு. அந்த இடைக்காலத்தில் மருந்துக் கடையிலும் மருத்துவமனையிலும் உங்கள் காப்பீடு செயலில் இல்லை என்றுதான் காட்டும். கையிலிருந்து கட்டிவிட்டு, பிறகு க்ளெய்ம் போட வேண்டியிருக்கும். இரண்டாவது இதைவிடப் பெரியது. ‘எனக்கு வேண்டாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். 60 நாளுக்குள் அந்த மறுப்பைத் திரும்பப் பெறலாம், ஆனால் திரும்பப் பெற்ற நாளிலிருந்துதான் காப்பீடு கொடுக்க அவர்கள் கடமைப்பட்டவர்கள். பின்னோக்கிப் போகும் சலுகை அதோடு போய்விடும். முடிவு செய்யவில்லை என்றால் படிவத்தை நிரப்பாமல் வைத்திருங்கள், போதும்.

சேர்ந்த பிறகு ஒவ்வொரு மாதப் பிரீமியத்துக்கும் 30 நாள் கூடுதல் அவகாசம் உண்டு. 31-ஆம் நாள் அனுப்பினால் காப்பீட்டை ரத்து செய்யலாம், திரும்பச் சேர்க்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. சம்பளத்தில் தானாகவே பிடித்துப் பழகியவர்கள் தவறவிடுவது இங்கேதான்.

வீட்டில் எல்லோரும் சேர்ந்துதான் எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. கணவன், மனைவி, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி உரிமை. மனைவி ஏழு மாதக் கர்ப்பம், பிரசவம் பார்க்கும் டாக்டரை மாற்ற மனமில்லை என்றால் அவருக்கு மட்டும் கோப்ரா எடுத்து, மற்றவர்கள் வேறு திட்டத்துக்குப் போகலாம். கட்டணமும் ஒருவருக்கானதுதான். டிடக்டிபிளையும், அதாவது காப்பீடு கொடுக்கத் தொடங்குமுன் வருடந்தோறும் நாம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகையையும், பாருங்கள். இந்த வருடத்து டிடக்டிபிள் ஏற்கெனவே தீர்ந்திருந்தால் கோப்ராவில் அது அப்படியே தொடரும். புதுத் திட்டத்தில் பூஜ்யத்திலிருந்து தொடங்குவீர்கள். செப்டம்பரில் அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தவருக்கு, மலிவான புதுத் திட்டம் கடைசியில் அதிகச் செலவில் முடிவதை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் மார்க்கெட்பிளேஸ், அதாவது தனிநபர்கள் காப்பீடு வாங்கும் அரசுச் சந்தை. வேலையோடு காப்பீடு போனதால், அந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் அங்கே சேரலாம். வருமானத்தைப் பொறுத்து வரிச்சலுகையும் உண்டு. ஆனால் 2027 தொடக்கத்திலிருந்து ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாக்காரர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. துணைவரின் நிறுவனத் திட்டத்தில் சேர்வதாக இருந்தால் அவகாசம் பொதுவாக 30 நாள்தான், அதை முதலில் விசாரியுங்கள். எனக்கு வரும் அழைப்புகளில் வருத்தமானவை ஒரே மாதிரி இருக்கும்: கோப்ரா எடுத்து ஐந்தாறு மாதம் கட்டி, சேமிப்பு கரைந்ததும் நிறுத்திவிட்டு, மார்க்கெட்பிளேஸுக்குப் போய் நிற்கிறார்கள். அங்கே கதவு மூடியிருக்கிறது. நீங்களாகவே கோப்ராவை நிறுத்தினால் அது சிறப்புச் சேர்க்கைக்குக் காரணமாகாது. நவம்பரில் தொடங்கும் பொதுச் சேர்க்கை வரை காத்திருக்க வேண்டும். 18 மாதம் முழுதாக முடிந்தாலோ, நிறுவனம் கட்டிக்கொண்டிருந்த பங்கு நின்றுபோனாலோ மறுபடி வாய்ப்பு வரும். செவரன்ஸில், அதாவது வேலை நீக்கத்தின்போது தரும் இழப்பீட்டில், ‘மூன்று மாதம் கோப்ராவை நாங்களே கட்டுகிறோம்’ என்று சொல்லியிருந்தால், மூன்றாவது மாதம் முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

65 வயதை எட்டியவர்கள் கோப்ராவை நம்பி, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரைத் தள்ளிப்போடக் கூடாது. மெடிகேர் கணக்கில் கோப்ரா என்பது வேலை வழியாக வரும் காப்பீடு ஆகாது. வேலை முடிந்ததிலிருந்து எட்டு மாதத்துக்குள் மெடிகேரில் டாக்டர் செலவுக்கான பகுதியான பார்ட் பியில் சேர வேண்டும். தவறினால் ஒவ்வொரு முழு 12 மாதத் தாமதத்துக்கும் பிரீமியம் 10 சதவீதம் கூடும். அதைவிட, மெடிகேருக்குத் தகுதி இருந்தும் சேராமல் இருந்தால், மெடிகேர் கட்டியிருக்க வேண்டிய பங்கைக் கோப்ரா திட்டம் கட்ட மறுக்கலாம்.

20 பேருக்குக் குறைவான சின்ன நிறுவனத்தில் இருந்தவர்கள் மனம் தளர வேண்டாம், மாநிலச் சட்டத்தைப் பாருங்கள். கலிபோர்னியாவில் 2 முதல் 19 பேர் இருக்கும் நிறுவனங்களுக்கு 36 மாதம், டெக்சாஸில் 9 மாதம். ஆனால் நிறுவனமே மூடப்பட்டு, காப்பீட்டுத் திட்டமும் கலைக்கப்பட்டால் தொடர எதுவும் இல்லை. அன்றே மார்க்கெட்பிளேஸைப் பாருங்கள்.

கடைசியாக, முகவரி. நோட்டீஸை நீங்கள் கடைசியாகக் கொடுத்த முகவரிக்குத் தபாலில் அனுப்பியதை நிறுவனம் நிரூபித்தால், பொதுவாக அதன் கடமை முடிந்தது. உங்கள் கைக்கு வந்ததா என்ற கேள்வியே எழுவதில்லை. லே-ஆஃப் ஆனதும் வாடகை வீட்டைக் காலி செய்து நண்பர் வீட்டுக்குப் போகிறவர்கள் அதிகம். மடிக்கணினியைத் திருப்பிக் கொடுக்கும் நாளிலேயே புது முகவரியை எச்ஆருக்கு எழுத்தில் கொடுத்து, நகலை உங்கள் சொந்த மெயிலில் வையுங்கள். 44 நாள் தாண்டியும் நோட்டீஸ் வரவில்லை என்றால் முதலில் எச்ஆருக்கு எழுதுங்கள். பதில் இல்லையென்றால் தொழிலாளர் துறையின் கீழ் உள்ள பணியாளர் நலப் பாதுகாப்பு அலுவலகத்தை 1-866-444-3272 என்ற எண்ணில் கூப்பிடுங்கள், கட்டணம் இல்லை. கடைசி வேலை நாள், காப்பீடு முடிந்த தேதி, எச்ஆருக்கு எழுதிய மெயில் மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். தேவைப்பட்டால் அவர்களே உங்கள் சார்பில் நிறுவனத்தைத் தொடர்பு கொள்வார்கள்.