லாரி ஓட்டப் போகிறீர்களா? டிரிப் காசை நாளால் வகுத்துப் பாருங்கள்

நாமக்கல் பக்கம் லாரி முதலாளிகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். ஹெவி லைசென்ஸ் எடுத்த கையோடு வரும் இளைஞர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, மாசம் எவ்வளவு நிக்கும்?" டிரிப்புக்கு இவ்வளவு என்று யாரோ சொன்ன தொகையை இரண்டால் பெருக்கி, அதை மாத வருமானம் என்று மனதில் வைத்திருப்பார்கள். வம்பே அந்தப் பெருக்கலில்தான் இருக்கிறது.

ஒரு வடநாட்டு டிரிப்புக்கு 18,000 ரூபாய் பேசியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 12 நாளில் திரும்பினால் நாளுக்கு 1,500. குடோன் பூட்டிக் கிடந்து இரண்டு நாள், ரிட்டர்ன் லோடு படியாமல் நான்கு நாள் என்று இழுத்து 18 நாள் ஆனால், அதே காசு நாளுக்கு 1,000தான். சாப்பாடு, டீ, குளியல் எல்லாம் உங்கள் செலவு என்றால் 350 போய் 650 மிஞ்சும். உள்ளூரில் வண்டி ஓட்டி, ராத்திரி வீட்டில் வந்து படுப்பவர் என்ன வாங்குகிறார் என்று விசாரித்து, அதற்குப் பக்கத்தில் இந்த 650-ஐ வைத்துப் பாருங்கள். இப்படி வண்டி காத்துக் கிடக்கும் நாளுக்கு என்று சரக்குக்காரர் முதலாளிக்கு ஹால்டிங் காசு கொடுப்பது உண்டு. அதில் டிரைவருக்குப் பங்கு, முன்கூட்டியே பேசியிருந்தால்தான் வரும்.

அடுத்தது டீசல். பல இடங்களில் வண்டிக்கு ஒரு மைலேஜ் பேசிவிட்டு, அதற்கு மேல் ஆன டீசலை டிரைவர் கணக்கில் கழிக்கிறார்கள். 3,000 கிலோமீட்டர் ஓட்டம், லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்பது பேச்சு என்றால் 750 லிட்டர். வண்டி 3.75 கொடுத்தால் 800 லிட்டர் ஆகிவிடும். லிட்டர் 92 ரூபாய் என்று போட்டால் அந்த 50 லிட்டருக்கு 4,600 ரூபாய் பிடித்தம். கால் கிலோமீட்டர் குறைந்ததற்கு டிரிப் காசில் நாலில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது! மலை ஏற்றம், கூடுதல் எடை, காற்றுக் குறைந்த டயர், எதுவும் மைலேஜைக் குறைக்கும். எந்த ரோடு, எத்தனை டன் என்பதை முடிவு செய்வது டிரைவர் இல்லை. அதனால் கூடும் டீசலை அவர் தலையில் கட்டுவது அநியாயம் என்றே நான் சொல்வேன், முதலாளிகளிடமும் சொல்லியிருக்கிறேன். லோடுக்கு ஒரு மைலேஜ், காலி வண்டிக்கு ஒரு மைலேஜ் என்று தனித்தனியாகப் பேசுங்கள்.

டீசல் போடும்போதெல்லாம் வண்டியின் கிலோமீட்டர் மீட்டரையும் பங்க் பில்லையும் போனில் படம் எடுத்துவிடுங்கள். அந்த பில் தெர்மல் காகிதம், டேஷ்போர்டில் வெயில் பட்டுக் கிடந்தால் கணக்கு முடிக்கும் நாளில் ஒரு எழுத்தும் தெரியாது. பஞ்சர், ஏற்றுக்கூலி, பார்க்கிங் போன்ற பில் இல்லாத செலவை அன்றன்றைக்கே டிரிப் ஷீட்டில் எழுதுங்கள். ஊர் வந்து சேர்ந்த பிறகு ஞாபகத்திலிருந்து எழுதும் செலவை எந்த முதலாளியும் அப்படியே ஒப்புக்கொள்வதில்லை.

ஓவர்லோடு அபராதம் 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் இன்னொரு 2,000. அது யார் பொறுப்பு என்பதை வண்டி எடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

லைசென்ஸ் வந்த உடனே பெரிய வண்டியைக் கையில் கொடுத்துவிட மாட்டார்கள். சரக்கு வண்டி ஓட்ட 20 வயது ஆக வேண்டும், அதற்கு முன் இலகுரக லைசென்ஸ் எடுத்து ஓராண்டு முடிந்திருக்க வேண்டும். அப்புறமும் கொஞ்ச காலம் இரண்டாவது டிரைவராகக் குறைந்த காசில்தான் ஓட வேண்டியிருக்கும். அந்தக் காலத்துக்கு வீட்டுச் செலவு எங்கிருந்து வரும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதற்காக முதலாளியிடம் பெரிய அட்வான்ஸ் வாங்காதீர்கள், ஒரிஜினல் லைசென்ஸை அடமானம் போல் கொடுத்துவைக்கவும் வேண்டாம். அட்வான்ஸ் பாக்கி இருக்கும்வரை மைலேஜ், ஹால்டிங் எதையும் நிமிர்ந்து பேச முடியாது.

சம்பளத்தை வங்கிக் கணக்கில் வாங்குங்கள். வேலையில் விபத்து நடந்தால் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புப்படி டிரைவருக்கோ குடும்பத்துக்கோ இழப்பீடு உண்டு. ஆனால் இவர்தான் டிரைவர், சம்பளம் இவ்வளவு என்று காட்ட ஆதாரம் வேண்டும். எல்லாவற்றையும் ரொக்கமாகவே வாங்கியவரின் மனைவி அந்த ஆதாரத்துக்கு எங்கே போவார்? அதே கணக்கில் பிரதமர் சுரக்ஷா பீமா என்ற விபத்துக் காப்பீட்டுத் திட்டத்துக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஆண்டுக்கு 20 ரூபாய்தான், விபத்தில் உயிரிழந்தால் 2 லட்சம் கிடைக்கும். நாமினி பெயரைச் சரியாக நிரப்புங்கள், இப்படி ஒன்று இருப்பதை வீட்டிலும் சொல்லி வையுங்கள்.